முதுமலைச் சாலையில் சுற்றுலா வேன்களை நிறுத்தி யானைகளைச் சீண்டுவதைத் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பின்னலாடைத் தொழிலாளர் குடும்பங்களின் சார்பில்,
திருப்பூர்.

பெறுநர்:
கள இயக்குநர் அவர்கள்,
முதுமலை புலிகள் காப்பகம்,
உதகமண்டலம், நீலகிரி மாவட்டம்.

பொருள்: காப்பகத்துக்குள் வரும் குழுச் சுற்றுலா வாகனங்களை ஒழுங்குபடுத்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தீபாவளி விடுமுறையில் குழந்தைகள், முதியவர்கள் உட்பட பதினெட்டுப் பேர் ஒரு வேனில் முதுமலைக்கு வந்தோம். எங்களில் பலர் நாள் முழுவதும் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பவர்கள். காடு என்பதையே அன்றுதான் பார்த்தார்கள். தெப்பக்காடு முகாமில் பாகன்கள் யானைகளுக்குக் களி உருண்டை ஊட்டியதைப் பிள்ளைகள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அங்கிருந்து மசினகுடிக்குப் போகும் வழியில்தான் அது நடந்தது. சாலையோரப் புதரை வெட்டிய இடத்தில் முளைத்திருந்த இளம்புல்லை ஒரு தாய் யானை குட்டியுடன் மேய்ந்துகொண்டிருந்தது. எங்களை அழைத்து வந்த சுற்றுலா ஏற்பாட்டாளரின் ஆள் வேனை நிறுத்தச் சொன்னார். "இறங்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் செய்யாது" என்றார். யானை முகத்தைத் திருப்பவில்லை என்று ஓட்டுநர் ஹாரன் அடித்தார். பின்னால் வந்த இரண்டு கார்களும் நின்றன. அந்தத் தாய் காதுகளை விரித்து, பிளிறிக்கொண்டு எங்களை நோக்கிப் பாய்ந்தது. நல்லவேளையாகப் பத்தடி தூரத்தில் நின்றுவிட்டது. ஓடிவந்து ஏறும்போது அறுபது வயது அம்மா ஒருவர் விழுந்து முழங்கால் கிழிந்தது. குட்டியின் நிலை என்னவென்று நாங்கள் திரும்பிப் பார்க்கவும் இல்லை. நாங்களும் குற்றவாளிகளே. இறங்க மறுத்திருக்கலாம், மறுக்கவில்லை. குரங்குகளுக்கு பிஸ்கட் வீசியதும் நாங்கள்தான். தின்பண்டத்துக்காகச் சாலைக்கு வந்து பழகும் குரங்கு வண்டியில் அடிபட்டுச் சாகும் என்பதை ஊர் திரும்பிய பிறகே அறிந்தோம்.

பந்திப்பூர், வயநாடு காடுகளோடு சேர்ந்து கிடக்கும் முதுமலையில் யானைகள் மாநில எல்லை அறியாமல் நடக்கின்றன. நமக்குச் சுற்றிப் பார்க்கும் சாலையாக இருப்பது அவற்றுக்குக் கடந்தே ஆக வேண்டிய வழி. 2021 ஜனவரியில் மசினகுடிப் பகுதியில் தீயை எறிந்து விரட்டப்பட்ட ஆண் யானை ஒன்று இறந்ததைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சரணாலயத்தில் விலங்குகளைச் சீண்டுவதையும் குப்பை போடுவதையும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. ஆனால் எங்கள் வேனில் இருந்த எவருக்கும் அது தெரியாது.

ஆகவே, தொரப்பள்ளி, கக்கநல்லா சோதனைச் சாவடிகளில் குழுச் சுற்றுலா வாகனங்களை ஐந்து நிமிடம் நிறுத்தி, விதிகளைத் தமிழ், மலையாளம், கன்னடத்தில் பயணிகளிடமே நேரில் சொல்ல வேண்டும். வாகன எண்ணோடு ஏற்பாட்டாளரின் பெயரையும் பதிந்து, வழியில் நிறுத்த மாட்டோம் என்று ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மீறினால் அபராதம் பயணியோடு நின்றுவிடக் கூடாது. அந்த ஏற்பாட்டாளரின் வண்டிகளைச் சில மாதங்களுக்கேனும் உள்ளே விடக் கூடாது. பணம் வாங்கிக்கொண்டு அழைத்து வருபவருக்கு இழப்பு வந்தால்தான் ஹாரன் நிற்கும். இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்தை நிறுத்திக் காட்டிய காட்டில் இதுவும் முடியும்.

இன்னொன்று. ஒவ்வொரு குழுவோடும் காப்பகத்தைச் சேர்ந்த பழங்குடி இளைஞர் ஒருவரை வழிகாட்டியாக அனுப்பி, அதற்கான ஊதியத்தை எங்களைப் போன்றவர்களிடமே வசூலிக்கலாம். யானையின் காது அசைவைப் படிக்கத் தெரிந்த ஒருவர் அன்று எங்கள் வேனில் இருந்திருந்தால், கதவே திறந்திருக்காது.

அடுத்த கோடை விடுமுறைக் கூட்டம் தொடங்கும் முன் இதன் மீது நடவடிக்கை எடுத்து, விவரத்தை எங்களுக்குத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்,
திருப்பூர்.