மஞ்சள் விலையை நகர்த்தினால் சினிமாச் செய்தி வருகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் இணையதளத்தைப் புதுப்பித்த பிறகு, எங்கள் வீட்டில் மஞ்சள் விலை பார்ப்பது பெரும்பாடாகிவிட்டது. ஈரோடு, பெருந்துறை, கோபி என்று ஊர்வாரியாக, விரலிக்குத் தனியாகவும் கிழங்குக்குத் தனியாகவும், வரத்து, குறைந்தபட்ச விலை, அதிகபட்ச விலை என்று நல்ல பட்டியலாகத்தான் போடுகிறீர்கள். ஆனால் அது போன் திரையைவிட அகலம். கடைசிக் கட்டத்தில் இருக்கும் அதிகபட்ச விலையைப் பார்க்க என் மாமனார் பட்டியலை இடது பக்கம் தள்ளுகிறார். பட்டியல் அசைவதில்லை, பக்கமே மாறி அடுத்த செய்தி வந்து நிற்கிறது. அது பெரும்பாலும் சினிமாச் செய்தி. "எவ்வளவு போயிருக்குன்னு நீயே பாரு அம்மிணி" என்று போனை என்னிடம் நீட்டிவிடுகிறார்.

இணையப் பக்கங்களைப் பல வகை போன்களில் சோதித்துப் பார்ப்பதுதான் என் வேலை. அதனால் இது அவர் விரலின் கோளாறு அல்ல, பக்கத்தை வடிவமைத்த விதத்தின் கோளாறு என்று தெரிகிறது. தளத்தைக் கவனிப்பவர்களிடம் நீங்கள் இந்தக் கடிதத்தைக் கொடுக்க வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

திரையில் விரல் வைத்தால் அதற்கு மூன்று பேர் உரிமை கொண்டாடுகிறார்கள்: போன், பிரவுசர், அப்புறம் அந்தப் பக்கம். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், விரல் அசைவால் இயக்கும் முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால், திரையின் இரண்டு ஓரங்களிலிருந்தும் உள்நோக்கி இழுப்பது முந்தைய இடத்துக்குத் திரும்புவதற்கானது. ஐபோனின் சஃபாரி பிரவுசரில் இடது ஓரம், 2013இல் அதன் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் 7ஆம் பதிப்பு வந்தது முதலே அப்படித்தான். குரோமில் பக்கத்தின் உச்சியில் நின்றுகொண்டு கீழே இழுத்தால் பக்கம் மறுபடி ஏற்றப்படும். இத்தனையும் போக மிச்சமிருப்பது நடுத்திரை. மேலும் கீழும் நகர்த்திப் படிப்பதற்கும், அகலமான பட்டியலைப் பக்கவாட்டில் தள்ளுவதற்கும் வாசகருக்கு இருப்பது அந்த இடம்தான். அங்கேதான் நீங்கள் "அடுத்த செய்திக்கு ஸ்வைப்" என்று வைத்திருக்கிறீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. போனை ஒரே கையில் பிடித்துக் கட்டைவிரலால் மேலே தள்ளிப் படிக்கும்போது விரல் நேர்கோட்டில் போகாது. அதன் அடிமூட்டு ஓரிடத்தில் நிற்பதால் நுனி வளைந்துதான் போகும். ஆகவே பக்கவாட்டு அசைவைப் பிடிக்க நினைக்கிறவர்கள், எவ்வளவு சாய்ந்தால் அது ஸ்வைப், எவ்வளவு வரை வெறும் ஸ்க்ரோல் என்று யோசித்து எல்லை வகுக்க வேண்டும். விரல் முதலில் எந்தத் திசையில் கிளம்பியதோ அதையே கடைசிவரை அந்த அசைவின் திசையாகக் கொள்வது வழக்கமான ஏற்பாடு. தங்கள் தளத்தில் அது இருப்பதாகத் தெரியவில்லை. தலையங்கத்தின் நாலாவது பத்திக்கு வரும்போது சற்றே சாய்ந்த விரலுக்கு ராசிபலன் திறந்துகொள்கிறது.

ஸ்வைப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. புகைப்படத் தொகுப்பில் படத்துக்குப் படம் தள்ளிப் போவது நன்றாகவே இருக்கிறது. ஆண்ட்ராய்டு குரோமில் மேலே உள்ள முகவரிப் பட்டையைப் பக்கவாட்டில் தள்ளினால் அடுத்த டேப் வரும். 2021இல் ஐஓஎஸ் 15 வந்தபோது சஃபாரி முகவரிப் பட்டையைத் திரையின் அடிக்குக் கொண்டுவந்து, அதைத் தள்ளினால் டேப் மாறும்படி வைத்தது. பட்டை கீழே போனது பலருக்குப் பிடிக்கவில்லை, மேலேயே வைத்துக்கொள்ளவும் வழி விட்டார்கள். ஆனால் அந்த அசைவு பட்டையோடு நின்றுகொள்கிறது, படிக்கிற இடத்துக்குள் வருவதில்லை. டால்ஃபின் பிரவுசர் ஒரு காலத்தில் விரலால் எழுத்து வரைந்து தளங்களைத் திறக்க வைத்தது. கொஞ்சம் விளையாட்டுத்தனம்தான் என்றாலும், எந்த எழுத்துக்கு எந்தத் தளம் என்பதை வாசகரே அமைத்துக்கொள்ளலாம். உங்கள் ஸ்வைப்பை நிறுத்தி வைக்க எங்கேயும் ஒரு பட்டன்கூட இல்லை.

அடுத்தது ஜூம். ஆண்ட்ராய்டு போனில் தங்கள் செய்திப் பக்கத்தை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்க முடியவில்லை. பக்கத்தின் தலைப்பகுதியில் "பெரிதாக்க விடாதே" என்று ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். இந்த வரிக்கு ஒரு கதை உண்டு. 2007இல் ஐபோன் வந்தபோது இணையப் பக்கங்கள் எல்லாம் கணினித் திரைக்காகச் செய்தவை. சஃபாரி முழுப் பக்கத்தையும் சுருக்கிக் காட்டும், இரண்டு முறை தட்டினால் தட்டிய பத்தி பெரிதாகும். ஆகவே ஒரு தட்டு விழுந்தவுடன், இன்னொரு தட்டு வருமா என்று பிரவுசர் சுமார் 300 மில்லிவினாடி காத்திருக்க வேண்டியிருந்தது. எந்த லிங்கைத் தொட்டாலும் அந்தத் தாமதம். பின்னால் ஆண்ட்ராய்டு பிரவுசர்களில், ஜூமைத் தடுத்துவிட்டால் காத்திருப்பும் போய்விடும் என்று ஆனது. அதனால் பக்கம் சுறுசுறுப்பாக இருக்கட்டும் என்று பலரும் அந்த வரியைச் சேர்த்தார்கள்.

சரி, அப்போது அதில் நியாயம் இருந்தது. ஆனால் 2014இல் குரோம் 32 வந்தபோதே, திரையின் அகலத்துக்கு ஏற்ப அமைத்த பக்கங்களில் ஜூமைத் தடுக்காமலே அந்தத் தாமதம் நீங்கிவிட்டது. 2016இல் ஐபோனிலும் நீங்கியது. அதே ஆண்டு வந்த ஐஓஎஸ் 10இல், எந்தத் தளம் ஜூமைத் தடுத்தாலும் அதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று சஃபாரியே முடிவு செய்துவிட்டது. அதனால் உங்கள் பக்கம் ஐபோனில் விரிகிறது, ஆண்ட்ராய்டில் விரிவதில்லை. தளத்தைச் சரிபார்த்தவர்கள் கையில் ஐபோன் மட்டும் இருந்திருக்குமோ என்பது என் ஊகம்.

மாமியாருக்குக் கண்புரை அறுவை செய்திருக்கிறது, சிறிய எழுத்து சிரமம். அவருடைய குரோமில், பார்வை போன்ற குறைபாடு உள்ளவர்களுக்கான அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் போய், தளம் தடுத்தாலும் ஜூம் ஆகும்படி மாற்றிக் கொடுத்துவிட்டேன். எல்லார் வீட்டிலும் மருமகள் டெஸ்டராக இருப்பாளா?

பார்வையற்ற வாசகர்களையும் நினைக்க வேண்டும். அவர்கள் ஆண்ட்ராய்டில், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வைத்திருப்பார்கள். அதில் ஒரு விரலால் வலப்பக்கம் தள்ளுவது, திரையில் அடுத்துள்ளதை வாசிக்கச் சொல்லும் கட்டளை. அந்த அசைவு உங்கள் பக்கத்துக்குப் போய்ச் சேராது. பழைய தளத்தில் செய்திக்கு அடியில் "அடுத்த செய்தி" என்று ஒரு பட்டன் இருந்தது. ஸ்வைப் வந்ததும் அதை எடுத்துவிட்டீர்கள். திசை பார்த்துத் தள்ளுவது போன்ற அசைவால் நடக்கிற எதையும் வெறுமனே தட்டியும் செய்ய வழி இருக்க வேண்டும் என்று, இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி 2018இல் வெளியிட்ட அணுகல்தன்மை நெறிமுறைகளே சொல்கின்றன. கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். அந்தப் பட்டனைத் திரும்ப வைப்பது ஒரு பிற்பகல் வேலைகூட இல்லை.

கடைசியாக இந்தக் கடிதத்தைப் பற்றி. இதை முதலில் தங்கள் தளத்தின் வாசகர் கடிதப் படிவத்தில்தான் தட்டச்சு செய்தேன். எழுதியதைச் சரிபார்க்கத் திரையைக் கீழே இழுத்து மேல் பகுதிக்குப் போனேன். உச்சிக்கு வந்த பிறகும் விரல் கொஞ்சம் இழுத்திருக்கிறது, பக்கம் மறுபடி ஏற்றப்பட்டு எழுதியது மொத்தமும் போய்விட்டது. இப்படி இழுத்துப் புதுப்பிக்கும் முறையை ட்வீட்டி என்ற ட்விட்டர் செயலிக்காக உருவாக்கியவர் லோரன் பிரிக்டர். புதிது புதிதாக வரும் ட்வீட்டுகளைப் பார்க்க அருமையான ஏற்பாடு அது. பாதி நிரப்பிய படிவத்தில் அதற்கு என்ன வேலை? குரோமில் 2017 முதல், பக்கத்தை எழுதுகிறவர் அதன் தோற்றத்தைத் தீர்மானிக்கும் ஸ்டைல் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்து இதை நிறுத்திவைக்கலாம். வரி விளம்பரம் கொடுக்கும் பக்கத்திலும் இதே தொல்லை இருக்கிறது. அங்கே பணம் கட்டும் நேரத்தில் பக்கம் புதுப்பிக்கப்பட்டால் என்ன ஆகும் என்று நான் சோதித்துப் பார்க்கவில்லை. உங்கள் ஆட்கள் பார்க்கட்டும், ஐபோனில் மட்டுமல்ல, சாதாரண விலை ஆண்ட்ராய்டு போன் ஒன்றிலும்.

படிவம் சரியாகும் வரை, ஆசிரியர் குழுவின் மின்னஞ்சல் முகவரியையாவது தளத்தில் கண்ணில் படுகிற இடத்தில் போடுங்கள். இதை அனுப்ப, அச்சுப் பதிப்பைத் தேடி எடுத்துத்தான் முகவரி பார்க்க வேண்டியிருந்தது.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
பெருந்துறை