ஊட்டியில் தளம் போடுமுன்

அன்புள்ள செல்வம்,

பேத்திக்குக் காது குத்தியதாக எழுதியிருந்தாய், சந்தோஷம். ஜனவரியில் ஊட்டியில் கான்கிரீட் தளம் போடப் போகிறாய் என்றதும்தான் யோசனையாகிவிட்டது. கரூரில் உனக்குக் கைவந்ததெல்லாம் வெயிலைச் சமாளிக்கிற வேலை. மலையில் அதுவே தளத்தைக் கெடுக்கும்.

விடியற்காலையில் ஆரம்பிக்காதே. வெயில் ஏறி ஒன்பது மணிக்குத் தொடங்கி, இரண்டு மணிக்குள் கடைசிச் சட்டியைக் கொட்டிவிடு. 10 டிகிரி குறைந்தால் இறுகும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்ட் இன்னும் மெது. சாதாரண சிமெண்டான ஓபிசி (OPC) 53 கிரேடு கேட்டு வாங்கு. சீக்கிரம் இறுக மருந்து சேர்ப்பதானால் குளோரைடு இல்லாததா என்று பார், இருந்தால் கம்பி துருவேறும்.

மணல், ஜல்லியை முந்தின இரவே மூடிவை. சிமெண்ட், மணல், ஜல்லி 1:1½:3 கலவைக்கு சிமெண்ட் மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் என்று வை. ஜல்லியும் மணலும் 8 டிகிரியில் கிடந்தாலும், தண்ணீர் 50 டிகிரி இருந்தால் கலவை 20 டிகிரிக்கு வந்துவிடும். வெந்நீரோடு ஜல்லியையும் மணலையும் மிக்சரில் சுற்றவிட்டு, அப்புறம்தான் சிமெண்ட். வெந்நீர் நேரே பட்டால் சிமெண்ட் பட்டென்று இறுகிக்கொள்ளும்.

போட்ட கான்கிரீட்டின் மேலே கசியும் தண்ணீர் அங்கே லேசில் வற்றாது. வற்றுமுன் கரணை போட்டாலோ, அவசரத்தில் சிமெண்ட் தூவினாலோ மேல்தோல் பிறகு செதில் செதிலாக உரியும்.

முக்கியமானது முதல் ராத்திரி. மேகமில்லாத இரவில் ஆள் உயரத்தில் 3 டிகிரி காட்டும்போதே தளத்தில் உறைபனி உட்கார்ந்துவிடும். வானம் பார்த்த பரப்பு காற்றைவிட அதிகம் குளிரும். உள்ளிருக்கும் தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் பெருகிப் பிடிப்பைக் குலைத்துவிடும். சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன் பலம் ஏறும்வரை உறையவே கூடாது. பாலிதீன், மேலே அரையடி வைக்கோல், அதற்கும் மேல் தார்ப்பாய். சன்ஷேடும் ஓரங்களும்தான் முதலில் உறையும், அங்கே இரட்டிப்பாகப் போடு. தளத்தில் தண்ணீர் தேக்கப் பாத்தி கட்டாதே, ஈரத்தைப் பாலிதீனே காக்கும்.

காலையில் கல் மாதிரி இருக்கிறதே என்று நம்பிவிடாதே. ஒரு ஓரத்தில் வெந்நீர் ஊற்றிப் பார். இளகினால் அது இறுகினதல்ல, உறைந்தது.

முட்டுப் பிரிக்க, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சொல்லும் 7 நாள், 14 நாள் எல்லாம் ஓபிசிக்கு, அதுவும் 15 டிகிரிக்குக் குறையாத இடத்துக்கு. நாளை எண்ணாதே. அதே கலவையில் வார்த்த சோதனைக் கட்டியை (கியூப்) தளத்தோடு அதே மூடாக்கில் வைத்து, உடைத்துப் பலம் பார்த்துப் பிரி.

தளம் எத்தனை சதுர அடி என்று எழுது, வைக்கோல் கணக்குப் போட்டு அனுப்புகிறேன். மலைமேலே தேடி அலையாமல் மேட்டுப்பாளையத்திலேயே ஏற்றிக்கொள்.

அன்புடன்,
மணி