தொழுவத்தில் தொடங்கிய மீட்சி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிழக்கு ஆப்பிரிக்கப் புல்வெளியான செரங்கெட்டியின் வில்டபீஸ்ட் (மாடு போன்ற தோற்றமுடைய ஒருவகை மான்) மந்தைகள் மாரா ஆற்றைக் கடக்கும் காட்சியை ஆண்டுதோறும் வியந்து பார்க்கும் நாம், அவை பெருகிய வரலாற்றை அறிவதில்லை. 1960களின் தொடக்கத்தில் அவை ஏறத்தாழ இரண்டரை லட்சமே இருந்தன. சுற்றுவட்டார மேய்ப்பர்களின் மாடுகளுக்கு வெக்கை நோய்த் தடுப்பூசி போடப்பட்டதும் (நம் கிராமங்களையும் நடுங்கவைத்த நோய்தான் இது), காட்டு விலங்குகளிடையேயும் அந்நோய் மறைந்து, 1970களின் இறுதிக்குள் வில்டபீஸ்ட்களின் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியது. அவை புல்லை மேய்ந்து தீர்த்ததால் காட்டுத்தீ குறைந்து, மரக்கன்றுகளும் தழைத்தன. அப்பகுதியில் மாடு மேய்த்து வாழும் மசாய் மக்களை வெளியேற்றினால்தான் விலங்குகள் பிழைக்கும் என்ற வாதத்தை என்னால் ஏற்க இயலவில்லை. அவர்களது தொழுவங்களுக்கும் இம்மந்தைகளுக்கும் உள்ள உறவைப் பற்றித் தங்கள் நாளிதழ் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்