குழாயின் நீளம் தெரிந்து எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பதின்வயதுக் காதலையும் தீராத நோயையும் சேர்த்துக் கட்டும் கதைகளில் காதலுக்குக் குறைவில்லை; நோய்தான் எழுதுகிறவரின் வசதிக்கு வளைகிறது. மூக்கில் ஒரு சொட்டு ரத்தம், அடுத்த அத்தியாயத்தில் ‘இன்னும் மூன்று மாதம்’. சிறுவயதில் அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய் வகை, முறையாகச் சிகிச்சை எடுத்தால் பெரும்பாலும் குணமாகக்கூடியது. சிகிச்சையே இரண்டு ஆண்டுக்கு மேல் ஓடும். பிள்ளை செத்தே ஆக வேண்டுமென்றால் வேறு நோயைத் தேடுங்கள்.

ஜான் கிரீனின் ‘தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்’ (2012) நாயகிக்குத் தைராய்டு புற்று நுரையீரலுக்குப் பரவியிருக்கிறது. போகுமிடமெல்லாம் ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்துக்கொண்டே காதலிக்கிறாள். அவளைப் பிழைக்க வைக்கும் மருந்து கற்பனை என்று ஆசிரியரே நூலில் சொல்லிவிட்டார்.

அப்படியொரு பெண் எங்கள் மாவட்டத்துத் தக்கலையில் இருந்தால்? காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் ஐந்து லிட்டர் கான்சன்ட்ரேட்டர் சுமார் 350 வாட் மின்சாரம் இழுக்கும். அதிலிருந்து மூக்குக்கு வரும் குழாயை 15 மீட்டருக்கு மேல் நீட்டக்கூடாது. ஆகவே வாசல்வரை வருவாள். மொட்டைமாடி நிலா கிடையாது. மழையில் ரப்பர் மரம் கம்பியில் விழுந்து கரண்ட் போனால் ஒற்றை பேட்டரி இன்வெர்ட்டர் மூன்று மணி நேரம் தாங்கினாலே பெரிது. பிறகு பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர்: நிமிடத்துக்கு 2 லிட்டர் வைத்தால் ஏறக்குறைய 12 மணி நேரம். 2017 ஓகி புயலில் மாவட்டம் நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததே, அந்த நாட்களை வைத்தே ஒரு நாவல் எழுதலாம். குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு பைக்கில் முட்டம் கடற்கரைக்குப் போகும் காட்சி மட்டும் வேண்டாம். கடற்காற்றில் ஆக்சிஜன் கூடுதலாக இல்லை. காய்ந்த உதட்டுக்கு வாஸ்லின் தடவிவிடுவதும் ஆகாது. எண்ணெய்ப் பசையும் ஆக்சிஜனும் சேர்ந்தால் தீ எளிதில் பற்றும். குத்துவிளக்கும் எட்டவே இருக்கட்டும்.

காதலனுக்கு எலும்புப் புற்று என்றால், வேகமாக உயரம் கூடும் வயதில் முட்டியை ஒட்டித்தான் அதிகம் வரும். பந்து விளையாடியதில் சுளுக்கு என்று நினைத்து வர்ம ஆசானிடம் தடவலுக்குக் கொண்டுபோவார்கள். இரவில் எழுப்பும் வலி, வாரக்கணக்கில் வளரும் வீக்கம் என்றால் விவரமுள்ள ஆசான் கைவைக்காமல் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுவார். தடவத் தடவக் காலம்தான் போகும். கீமோதெரபி தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டும், புருவமும் சேர்த்து. ஒவ்வொரு கீமோவுக்கும் பிறகு ஏறக்குறைய 7 முதல் 14 நாள் வரை கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். அப்போது 100.4 டிகிரி காய்ச்சல் அடித்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த வாரத்தில் மண்டைக்காடு கோயில் கொடைக் கூட்டத்தில் இருவரையும் சந்திக்க வைக்கிறவருக்குக் காலண்டர் தெரியவில்லை.

எங்களை அதிகம் உறுத்துவது, கடும் வலிக்குக் கொடுக்கும் மார்பின். கதைகளில் அது கடைசி ஊசி. உண்மையில் அது நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை விழுங்கும் மாத்திரை. ராத்திரி இரட்டை அளவு கொடுப்பதுண்டு, நடுவில் எழுப்பாமலிருக்க. முதல் இரண்டு மூன்று நாள் தூக்கக்கலக்கம் இருக்கும், பிறகு தெளியும். மலச்சிக்கல் தெளியாது, முதல் நாளே மலமிளக்கி சேர்க்க வேண்டும். 2014 போதைமருந்துச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் இதை வாங்கி வைப்பது எளிதாகியிருக்கிறது. ஆனால் கதையைப் படித்த அம்மா ‘மார்பினா, அப்போ முடிஞ்சுதா?’ என்று மாத்திரையை ஒளித்து வைக்கிறார். பிள்ளை வலியில் கிடக்கிறது.

உங்கள் வார இணைப்பில் இத்தகைய தொடர் வந்தால், அச்சுக்கு முன் ஒரு நர்ஸிடம் படிக்கக் கொடுங்கள்.

இப்படிக்கு,
நோய்த்தணிப்புப் பராமரிப்புத் தன்னார்வலர்கள் சிலர்,
கன்னியாகுமரி மாவட்டம்