மெதூசலா எந்த மரம் என்று கேட்டிருந்தாயே

மாப்ள,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, திட்டாதே. முட்டி வலி தேவலையா? நான் ஒருவழியாக அந்த வெள்ளை மலைக்குப் போய்விட்டு வந்தேன், கலிஃபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில் பிரிசில்கோன் பைன் என்று ஆயிரக்கணக்கான வருடம் வாழும் மரங்கள் இருக்கின்றனவே, அங்கே. அவற்றில் ரொம்பக் கிழடு என்று பேர் வாங்கிய மெதூசலா எது என்றுதானே கேட்டிருந்தாய். காடு என்று சொல்வதே அதிகம். மொட்டைச் சரிவு, வெளுத்த சுண்ணாம்பு மாதிரி மண், அதில் இங்கொன்றும் அங்கொன்றுமாக முறுக்கிக்கொண்டு நிற்கிற மரங்கள்.

இந்த மரங்கள் நிற்கிற ஷுல்மன் தோப்பு வரை தார்ச்சாலை உண்டு. உயரம் ஏறக்குறைய 3,000 மீட்டர், காரை விட்டு இறங்கி இருபது அடி வைப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. பெட்ரோலைக் கீழேயே நிரப்பிக்கொள்ள வேண்டும், தண்ணீரும் அப்படித்தான்.

ஒரு மரத்தடியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். முக்கால்வாசி செத்துப்போன மரம். வேரிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு பட்டை மேலே ஏறுகிறது, அது போய்ச் சேர்கிற ஒரு கிளை மட்டும் பச்சை. மற்றதெல்லாம் காற்றும் பனியும் இழைத்த கட்டை, தொட்டால் கல் மாதிரி இருக்கிறது, பிசின் ஊறிய மரம் என்பதால் பூச்சியும் பூஞ்சையும் லேசில் நுழைவதில்லை. அங்கே இருப்பது டோலமைட் என்கிற சுண்ணாம்பு வகைப் பாறையின் மண், பெரும்பாலான செடிகளுக்கு ஆகாது, அதனால் போட்டியும் இல்லை, தீ பிடித்தாலும் பரவ வழியில்லை. நூறு வருடத்தில் தண்டு ஓர் அங்குலம் பருத்தாலே பெரிய விஷயமாம். ஊசியிலைகூட முப்பது வருடத்துக்கு மேல் உதிராமல் இருக்கும், அதாவது நாம் கல்லூரியில் சேர்ந்தபோது துளிர்த்தது இன்னும் அதே கிளையில் இருக்கலாம்!

சரி, மெதூசலாவுக்கு வருகிறேன். 1957இல் எட்மண்ட் ஷுல்மன் என்ற மர ஆராய்ச்சியாளர் தண்டின் ஆண்டு வளையங்களை எண்ணிக் கண்டுபிடித்தது, வயது 4,800க்கு மேல். எந்த மரம் என்று பலகை கிடையாது, வனத்துறை சொல்லவும் சொல்லாது. சொன்னால் ஆளாளுக்கு ஒரு சிராய் பிய்த்துக்கொண்டு போய்விடுவார்கள். பக்கத்து நெவாடாவில் 1964இல் ஆராய்ச்சிக்கென்று அனுமதி வாங்கியே ஒரு மரத்தை வெட்டினார்கள், புரோமீதியஸ் என்று பெயர், எண்ணிப் பார்த்தால் அதற்கும் 4,800க்கு மேல். வெட்டிய பிறகுதான் தெரிந்தது.

ஏழு கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் நடக்க நடக்க, இதுதான், இல்லை அதுதான் என்று அறுபது படம் எடுத்துவிட்டேன். எல்லாம் ஒன்றைவிட ஒன்று கிழடு. அப்புறம், மெதூசலா நிற்கும் இடத்தின் மேப் புள்ளி நெட்டில் கிடைத்தது, அனுப்பட்டுமா என்று எழுதியிருந்தாய். வேண்டாம்டா. யாருக்கும் அனுப்பாதே.

இதே மரங்களின் இன்னொரு தோப்பான பேட்ரியார்க் தோப்பை மட்டும் பார்க்க முடியவில்லை. இன்னும் 19 கிலோமீட்டர் மேலே, மண் பாதை, கத்தி மாதிரிக் கல், பாதி வழியில் டயர் போய்விட்டது. மாற்று டயரைப் போட்டுக்கொண்டு உருட்டி உருட்டிக் கீழே இறங்கினேன். குளிர்காலத்தில் சாலையை மூடிவிடுவார்கள், வந்தால் ஆகஸ்டில் வா, சேர்ந்து போவோம். ஸ்டெப்னி இரண்டாக எடுத்துக்கொள்ளலாம்.