பெயர் எடுப்பது குறித்து நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகள் வேலையை விட்டுவிட்டுக் கணினி பழுதுபார்க்கும் தொழிலைச் சொந்தமாகத் தொடங்குகிறாள் என்ற செய்தி மகிழ்ச்சி அளித்தது. நானும் நலமே, விளம்பர வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் கல்லூரி மாணவர்களுக்குச் சந்தைப்படுத்தல் பாடம் நடத்தி வருகிறேன். அவர்கள் முதலில் கேட்பதையே நீயும் கேட்டிருக்கிறாய்: இலச்சினை (லோகோ) எப்படி இருக்க வேண்டும்?

இலச்சினையின் வேலை அடையாளம் காட்டுவது. அது சிறிய வேலை அன்று. வழக்கமாக வாங்கும் பொருளை நாம் எழுத்துக் கூட்டிப் படித்து எடுப்பதில்லை. நிறத்தையும் வடிவத்தையும் கண்டதும் கை தானாக நீள்கிறது. 2009-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டிராபிகானா நிறுவனம், உறிஞ்சுகுழல் செருகிய ஆரஞ்சுப் பழப் படத்தைத் தன் சாற்றுப் பெட்டியிலிருந்து நீக்கிப் புதுத் தோற்றம் கொடுத்தபோது, உள்ளிருந்த சாறு மாறாதிருந்தும் இரண்டு மாதங்களுக்குள் விற்பனை ஏறத்தாழ 20 சதவீதம் சரிந்தது. பழைய பெட்டியே திரும்பி வந்தது. ஆகவே எளிய குறி ஒன்றைத் தேர்ந்து, அதைப் பல ஆண்டுகள் மாற்றாமல் வைத்திருக்கச் சொல். பெருஞ்செலவும் வேண்டாம். நைக்கியின் குறியை 1971-இல் ஒரு மாணவி வரைந்தார். அப்போது அதற்குக் கிடைத்த கூலி 35 டாலர்.

நம்பிக்கை வேறு கணக்கு. நள்ளிரவில் உதவி தேவைப்பட்டால் யாரை அழைப்பாய் என்று எண்ணிப் பார். "எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு" என்று அடிக்கடி சொல்பவர் அந்நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை. முன்பொரு முறை வந்து நின்றவரே வருகிறார். வாடிக்கையாளரும் இப்படித்தான் நினைவு வைக்கிறார். 1982-இல் சிகாகோ பகுதியில் டைலெனால் என்னும் வலிநிவாரணி மருந்துக் குளிகைகளில் யாரோ சயனைடு கலந்ததால் ஏழு பேர் இறந்தனர். நஞ்சு ஆலையில் கலக்கவில்லை. ஆயினும் அம்மருந்தை விற்ற ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் ஏறத்தாழ 3.1 கோடி குப்பிகளைத் திரும்பப் பெற்று, யாரேனும் பிரித்திருந்தால் காட்டிக்கொடுக்கும் உறையுடன் அதே ஆண்டில் மீண்டும் விற்பனைக்கு வந்து, இழந்த சந்தையில் பெரும்பகுதியை மீட்டது.

உன் மகளின் தொழிலில் இது சின்னச் சின்னதாக அன்றாடம் நிகழும். சொன்ன நாளில் வேலை முடியாதென்று தெரிந்தவுடன், வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்பே அவள் அழைத்துச் சொல்ல வேண்டும். கோப்புகள் மீளாது என்றால், பணம் வாங்குவதற்கு முன் சொல்ல வேண்டும். எதிர்பார்த்தபடி நடந்த வேலையைப் பற்றி யாரும் பிறரிடம் பேசுவதில்லை. "முடியாது என்று நேராகச் சொல்லிக் காசு வாங்காமல் அனுப்பினாள்" என்பதை மட்டும் பத்துப் பேரிடம் சொல்வார்கள். தொடக்க ஆண்டில் விளம்பரத்துக்கென ஒதுக்கிய பணத்தில் பாதியை, பழுது திரும்பினால் இலவசமாகச் சரிசெய்து தருவதற்கு வைத்துக்கொள்ளட்டும்.

நீ அனுப்பிய மூன்று பெயர்களில், தொலைபேசியில் ஒருமுறை சொன்னாலே கேட்பவர் பிழையின்றி எழுதிக்கொள்ளக்கூடியது இரண்டாவது மட்டுமே. அதையே வைக்கச் சொல். தொடக்க நாள் முடிவானதும் எழுது, வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்