வாசலோடு நிறுத்திவிடும் சபாக்காரர்களுக்கு

மதிப்பிற்குரிய சபா செயலாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் 22 வருஷமாக பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கிறேன். போன மார்கழியில் உங்களில் ஒருவர் எங்கள் செட்டை அழைத்திருந்தார். எந்தச் சபா என்று எழுதப்போவதில்லை. ஒருவரைத் தனியாகக் குறை சொல்ல மனமில்லை. மறுபடி கூப்பிடாமல் விட்டுவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது, மறைப்பானேன்.

சிறப்பு விருந்தினரை வாசலில் வாசித்து வரவேற்க வேண்டும், அதுதான் வேலை. 4 மணிக்கு வரச் சொன்னார்கள். விருந்தினர் வந்தபோது மணி ஆறரை. அதுவரை 12 பேரும் சிவப்புக் கோட்டு, தோளில் ஜரிகை, தலையில் தொப்பி சகிதம் தெருவில் நின்றோம். பேஸ் டிரம் அடிக்கும் பெரியவருக்கு 67 வயது, சர்க்கரை வியாதி. உள்ளே பாத்ரூம் போகலாமா என்று கேட்டார். "ஆர்ட்டிஸ்டுகளுக்கு மட்டும்தாங்க" என்றார் வாசலில் நின்ற தம்பி. பெரியவர் டிரம்மைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பிடம் வரைக்கும் நடந்து போய் வந்தார்.

வாசித்து முடித்து, பாக்கிப் பணத்துக்காக வாசலிலேயே காத்திருந்தோம். உள்ளே குழந்தைகள் பாடுவது ஒலிபெருக்கியில் கேட்டது. 'சந்ததம் பாஹிமாம்'. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரம், அதாவது வெள்ளைக்காரர் மெட்டுக்கு அவர் வரி எழுதிய பாட்டு. எங்கள் யூஃபோனியக்காரர் வாத்தியத்தை வாயில் வைக்காமலே வால்வுகளை அமுக்கிக்கொண்டிருந்தார். அவர் தாத்தாவும் பேண்டுக்காரர். அந்த மெட்டு அவர்கள் வீட்டில் எப்போதும் இருந்திருக்கிறது, சாகித்யம் என்கிற பாட்டு வரிகள் இல்லாமல்.

உங்களுக்குத் தெரியாத கதையா இது? மணலியில் தங்கியிருந்த தீட்சிதர் சகோதரர்களை முதலியார் குடும்பத்தார் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே வெள்ளைக்காரப் பட்டாளத்தின் பேண்டு வாசிப்பதைக் கேட்டார்கள். சிப்பாய் நடைபோடவும் துரைமார் நடனமாடவும் வாசித்த மெட்டுகள். தீட்சிதர் அவற்றைச் சங்கராபரண ராகத்தில் நிறுத்தி, சமஸ்கிருத சாகித்யம் போட்டார். 40க்குப் பக்கம் இருக்கிறது. 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் பாட்டின் மெட்டு. 'வந்தே மீனாட்சி' ஓர் அயர்லாந்து ஆட்ட மெட்டு. தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலினே கற்றுக்கொண்டார். இன்றைக்கு வயலின் இல்லாமல் உங்கள் மேடையில் ஒரு கச்சேரி நடக்குமா?

கோட்டையில் வாசித்த அந்தச் சிப்பாய் என்ன ஆசாரம் பார்த்தான் என்று தீட்சிதர் விசாரித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. காது கொடுத்துக் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

நான் வாசிக்கும் கிளாரினெட்டும் பட்டாள பேண்டு வாத்தியம்தான். பிற்பாடு, பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிராட்டத்துக்கு வாசித்தார்கள். அப்புறம் அதை வைத்துக்கொண்டே ஏ.கே.சி. நடராஜன் ஐயா 2008இல் சங்கீத கலாநிதி பட்டம் வாங்கினார். சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதம் வாசித்த கத்ரி கோபால்நாத் அந்த வாத்தியத்தை முதலில் கேட்டது மைசூர் அரண்மனை பேண்டில். ஆக, வாத்தியத்தை நீங்கள் எப்போதோ உள்ளே விட்டுவிட்டீர்கள். இந்தச் சிவப்புக் கோட்டுதான் இன்னும் வாசலில் நிற்கிறது.

நாங்கள் கேட்பது அரை மணி நேரம். சீசனில் ஏதாவது ஒரு நாள், மத்தியானக் கூட்டமில்லாத நேரமாக இருந்தாலும் சரி, ஒரு பேண்டு செட் மேடையேறி நோட்டுஸ்வரம் வாசிக்க இடம் கொடுங்கள். இந்த மெட்டுகளைப் பற்றி விளக்க உரை நடத்துகிறீர்கள், லேப்டாப்பில் வெளிநாட்டு ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டுகிறீர்கள். கூப்பிடு தூரத்தில் பேண்டுக்காரன் நிற்கும்போது லேப்டாப் எதற்கு?

கல்யாண வீடுகளிலும் எங்களை விட்டுவிட்டார்கள். ஒரு பையன் இரண்டு பெட்டியோடு வந்தால் டிஜே. 12 பேருக்குச் சாப்பாடு போட வேண்டாம். சாவு வீட்டில்தான் இன்னும் கொஞ்சம் மரியாதை. அங்கே யாரும் "ஆர்ட்டிஸ்டா?" என்று கேட்பதில்லை. உங்கள் கேன்டீனில் ஒரு ரவா தோசை விற்கும் விலையைப் பார்த்தால் எங்கள் சம்பளத்தை அதற்குப் பக்கத்தில் எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மன்னிக்க வேண்டும், பேச்சு எங்கேயோ போகிறது. அரை மணி நேரம் கேட்டேன், அதையே திரும்பவும் கேட்கிறேன். எங்களால் வாசிக்க முடியுமா என்று சந்தேகமிருந்தால் முன்கூட்டி வந்து கேளுங்கள். நாங்கள் ஒத்திகை பார்க்கும் இடம் மொட்டைமாடிதான், ஆனால் பாத்ரூம் உண்டு. சாகித்யம் பாட உங்கள் குழந்தைகளே வரட்டும். சுருதி அவர்களுக்கு எது வசதியோ அதற்கு நாங்கள் மாற்றிக்கொள்கிறோம். சன்மானம் நீங்கள் பார்த்துக் கொடுப்பது.

தேதியும் உங்கள் சௌகரியம். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, 12 பேரும் சும்மாதான் இருப்போம்.

இப்படிக்கு,
கிளாரினெட் வாசிக்கும் ஒருவன்